மூன்றாம் கட்டம்

மேசையில் இருப்பது இரண்டாயிரத்து நாற்பத்தைந்தாம் ஆண்டு.
வெள்ளை அட்டையில் வெட்டி ஒட்டிய பீடங்கள்,
பஞ்சைப் பச்சையில் நனைத்த மரங்கள்,
மகாவலிக்கு நீலக் கண்ணாடித்தாள்.
இரண்டு கிழமை நித்திரை முழித்துச் செய்தவள் நான்.
ஹந்தானையை மட்டும் செய்யவில்லை.
அவ்வளவு அட்டைக்குப் பணம் ஒதுக்கவில்லை.

நேற்றுச் சரிவை அளக்கப் போனேன்.
காலில் ஏறிய அட்டை வேறு சாதி.
சப்பாத்துக்குள் இரத்தத்தோடு வந்து உட்கார்ந்து
சமவுயரக் கோடுகளைத் திருத்தினேன்.
தாளில் கோடுகள் நெருங்கினால்
நிலத்தில் மூச்சு வாங்கும்.
குழுவில் இதை யாரிடமும் சொன்னதில்லை.
அவர்கள் வாகனத்தில் வருகிறார்கள்.

கூட்டம் ஒன்பதரைக்கு. மீன் பணிஸ், தேநீர்.
பேராசிரியர் ரத்னமலல குச்சியால் தொட்டுக்கொண்டே போகிறார்:
ஆய்வுகூடம், ஏழு மாடி, முதலாம் கட்டம்.
விருந்தினர் விடுதிக்கு
ஆற்றைப் பார்த்த பல்கனி வேண்டுமாம்.
சரி, அதுவும் முதலாம் கட்டத்திலேயே.

நூலகப் படிக்குச் சாய்தளம்?
பொறியியலாளர் விஜேகோன் தாளைப் புரட்டுகிறார்.
மூன்றாம் கட்டம்.
பெண்கள் விடுதிப் பாதைக்கு விளக்கு?
மூன்றாம் கட்டம்.
பலகையில் 'விஞ்ஞான பீடம்'
'விஞ்ஞான பீடை' என்று கிடக்கிறதே?
சிரித்தது நான் மட்டும்.
மூன்றாம் கட்டம்.

சுஹைனா மூன்றாம் வருடம். சக்கர நாற்காலி.
நூலகத்துக்குப் பதினேழு படி.
நாலு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள்.
"யானை இல்லாத பெரஹரா" என்று ஏறும்போது சிரிப்பாள்.
இறங்கும்போது சிரிக்க மாட்டாள்.
மூன்றாம் கட்டம் தொடங்கும் வருடத்தில்
அவளுக்கு வயது முப்பத்தேழு.
தாளின் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் பார்த்தேன்.
பிறகு அழித்தேன்.

மேற்கு எல்லையில் ஒரு கான் ஓடுகிறது.
இங்கே தேயிலை நின்ற காலத்தில் வெட்டியது.
வெட்டியவர் யார் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.
மட்டமானி வைத்துப் பார்த்தேன்,
நூற்றிருபதுக்கு ஒன்று சாய்வு, மயிரிழை பிசகில்லை.
பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு அனுப்பி
பின்னேரம் அரைப் பேர் போட்டிருப்பார்கள் அந்த வேலைக்கு.
போன வைகாசி அடைமழையில்
மேல் சரிவின் தண்ணீர் முழுவதையும்
சத்தம் போடாமல் ஆற்றில் கொண்டுபோய் விட்டது அதுதான்.
ஏழு மாடி நிற்கப்போவது அதன் முதுகில்.

கையை உயர்த்தினேன்.
படம் வரைகிறவள் கையுயர்த்துவது வழக்கமில்லை.
சிங்களத்தில் சொன்னேன், எண்களை ஆங்கிலத்தில் சொன்னேன்.
கானுக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை,
அவர்களுக்கும் அது காணுதான்.
விஜேகோன் தலையாட்டினார்.
நல்ல விஷயம், குறித்துக்கொள்வோம்,
கானைத் திருப்புவது பற்றி
மூன்றாம் கட்டத்தில் ஆராயலாம்.

அன்றிரவு அலுவலகத்தில் நானும் ஒரு பல்லியும்.
ஆய்வுகூடத்தைப் பிடித்துப்
பதினான்கு மீற்றர் கிழக்கே தள்ளினேன்.
கணினியில் ஒரு கட்டடம் என்ன பாரம்?
வாகனத் தரிப்பிடத்தில் ஒன்பது வாகனம் குறைந்தது.
கானை நீல மையில் முழு நீளத்துக்கும் வரைந்து
பக்கத்தில் எழுதினேன்: உள்ளது, தொடாதே.
திருத்தம் நான்கு என்று மூலையில் போட்டேன்.

ஆறு பேர் கையெழுத்து வைத்தார்கள்.
பல்கனியின் திசையைத்தான் சரிபார்த்தார்கள்.

படிகளைத் தள்ள முடியவில்லை.
சாய்தளத்துக்குத் தலைப்பு வேண்டும், நிதி வேண்டும்,
கோடு மட்டும் போதாது.

வெள்ளிக்கிழமை தூறல்.
தூக்குகிற நாலு பேரில் ஒருவன் வரவில்லை.
குடையை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டு
பின்பக்கத்து இடது சில்லை நான் பிடித்தேன்.